தலைகீழாக நின்றாலும்

“நீ தலைகீழா நின்னாலும் சரி, வெளியில ரூம் எடுத்துத் தங்குற பேச்சே இந்த வீட்டுல கிடையாது.”

“நான் எதுக்குத் தலைகீழா நிக்கணும்? நேரா நின்னுதானே கேக்குறேன்.”

“குரலை இறக்கு.”

“நீங்க முதல்ல இறக்குங்க. தெரு முழுக்கக் கேக்குது.”

கேட்டது. மறுப்பதற்கில்லை. எதிர்வீட்டில் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார்கள். பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்கள். அதற்கடுத்த வீட்டில் துணி காயப்போட்டு முடித்துவிட்டவர்கள், அதே துணியை எடுத்து உதறி மறுபடியும் காயப்போட ஆரம்பித்தார்கள். பொழுதுவிடிந்து பொழுதுபோனால் ஒன்றும் நடக்காத தெருவில் இப்படி ஒரு சண்டை வாய்த்தால் அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டாமா?

கத்திக்கொண்டிருந்தவர் பிரேக். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ. அது இப்போது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அந்தக் காரில், கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்காருகிற இவர் காலடியில் இன்னொன்று. ஊரில் பாதிப்பேர் அந்த இரண்டாவது பிரேக்கின் தயவில்தான் கையும் காலுமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவருடைய வலது கால் ஓய்வதில்லை. பேப்பர் படிக்கும்போது வெளியே யாராவது சைக்கிளில் விரைந்து போனால், கால் தரையை மிதிக்கும். மனைவி கத்தரிக்கோலை எடுத்தால் மிதிக்கும். மகள் வாயைத் திறந்தால், சொல்லவே வேண்டாம்.

மகளைத் தெருவில் வக்கீல் என்போம். படிக்கப்போவது என்னவோ புள்ளியியல். ஆனால் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளோடு பேசி ஜெயித்தவர் இல்லை. இப்போது வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் ஒதுக்கியிருந்தார்கள். அவனவன் அந்தக் கட்டிலுக்குத் தவம் கிடக்க, இந்தப் பெண் வேண்டாம் என்கிறாள். கல்லூரிக்கு வெளியே, ஒரு வீட்டு மாடியில், ஒற்றை அறை. அதுதான் வேண்டுமாம்.

“ஹாஸ்டல்ல கேட் இருக்கு. நேரத்துக்குப் பூட்டுறாங்க. கேக்குறதுக்கு ஒரு வார்டன் இருக்காங்க. அந்த ரூம்ல என்ன இருக்கு? சொல்லு. இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?”

“ஒரு சுவர் இருக்கு.”

வீட்டுக்குள் சண்டைச் சத்தம் நின்றது. தெருவிலும் நின்றது; காயப்போடுகிற துணி பாதியில் தொங்கியது.

“சுவரா?”

“ஆமா.”

“ஏன், ஹாஸ்டல்ல சுவர் இல்லையா? நாலு கம்பு நட்டு மேல தார்ப்பாய் போட்டு வெச்சிருக்காங்களா?”

“சொன்னா சிரிப்பீங்க. வந்து பாருங்கப்பா.”

“சுவரைப் பார்க்க நான் எதுக்கு அம்புட்டு தூரம் வரணும்?”

இத்தனைக்கும் நடுவில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அது திரைக்காரம்மா, பிரேக்கின் மனைவி. ஜன்னல் திரை தைப்பவள். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைப் பார்ப்பாள், பிறகுதான் மனிதர்களை. எந்த வீட்டில் எந்தத் திரையை எதற்காகக் கெட்டித் துணியில் கேட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அந்த விஷயத்தில் தெருவுக்கு அவள்மேல் நீங்காத வருத்தம் உண்டு.

இயந்திரம் நின்றது. “ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?”

“தெருவைப் பார்த்தும்மா.”

“அகலம் எவ்வளவு இருக்கும்?”

“இதா இப்ப முக்கியம்?” என்றார் பிரேக்.

“எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் கேக்க முடியும்? ஹாஸ்டலுக்கு எப்படியும் போய்ப் பதில் சொல்லணும். போற வழியில அந்தச் சுவரையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம். பார்த்தா தேய்ஞ்சா போயிடும்?”

பிரேக்கின் கால் ஒரு முறை தரையை மிதித்தது. ஆனால் தையல் இயந்திரம் ஏற்கெனவே மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பயிற்சிப் பள்ளிக் காரையே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஓட்டியவர் பிரேக். பக்கத்தில் திரைக்காரம்மா. அவள் காலடியில்தான் அந்த இரண்டாவது பிரேக். எத்தனையோ முறை அந்த இடத்தில் உட்கார்ந்து போயிருக்கிறாள், ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. அதை வைத்து அவளைப் பற்றி என்ன நினைப்பது என்று தெருவில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கல்லூரியைப் பார்த்ததும் பிரேக் அசந்துபோனார். அவர் மனதைக் கட்டடங்கள் கவரவில்லை, மரங்களும் கவரவில்லை. வேகத்தடைகள்தான். வாசலில் ஒன்று, வளைவில் ஒன்று, நூலகத்துக்கு முன்னால் ஒன்று, அதைத் தாண்டியவுடன் மறந்துவிடப்போகிறாயே என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் புதிதாக வெள்ளைப் பட்டை. “என்னமா யோசிச்சுப் போட்டிருக்கான் பாரு,” என்று ஒவ்வொன்றின் மேலும் காரை மெதுவாக ஏற்றி இறக்கினார். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் உண்டு. தரையைப் பார்த்து வியந்தவர் அவர் ஒருவர்தான்.

ஹாஸ்டலும் லேசுப்பட்டதல்ல. ஒரே அளவு ஜன்னல்கள் வரிசை வரிசையாக மேலே போய்க்கொண்டே இருந்தன. திரைக்காரம்மா கழுத்தை நிமிர்த்தி எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை தப்பிப்போய் விட்டுவிட்டாள். இத்தனை ஜன்னலுக்கும் யாரோ ஒருத்தி உட்கார்ந்து திரை தைத்திருக்கிறாளே என்று அவளுக்குப் பெருமூச்சு வந்தது. சமையலறையில் குழந்தையை நிற்கவைத்துக் குளிப்பாட்டலாம் போன்ற பாத்திரங்கள். நடைக்கூடத்தில் எங்கோ ஒரு பெண் சிரித்தால் அந்தச் சிரிப்பு கடைசிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

வார்டன் நெட்டையான பெண்மணி. குரலை உயர்த்தாமலே அந்தக் கூட்டத்தை அடக்கிவைத்திருந்தார். கேட் எப்போது பூட்டுவார்கள், யார் பூட்டுவார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று பிரேக் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பதில் வர வர பிரேக்கின் வலது கால் தரையில் மெத்தென்று படிந்தது. தன் கால் எட்டாத ஊரில், தன் காலுக்குப் பதிலாக ஒரு கேட். அதற்குமேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்?

“ரூம் பிடிச்சிருக்காம்மா?” என்று வக்கீலைக் கேட்டார் வார்டன்.

“நல்லா இருக்கு மேடம். நல்லா இல்லைன்னு நான் சொல்லவே இல்லை.”

“அப்புறம் என்ன?”

வக்கீல் வாயடைத்து நின்றதை முதன்முதலாகப் பார்த்த பிரேக்குக்கு அது வெற்றியாகத் தோன்றவில்லை.

“ஆபீஸ் மூடுறதுக்குள்ள வந்து சொல்லிடுங்க,” என்றார் வார்டன். “இடம் கிடைக்காத பொண்ணோட அம்மா அந்த பெஞ்சுலதான் காலையில இருந்து உக்காந்திருக்காங்க.”

பெஞ்சில் ஒரு பெண்மணி மடியில் பையோடு, எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பவே சொல்லிடலாமே,” என்று பிரேக் ஆரம்பித்தார்.

“சுவரைப் பார்த்துட்டு வந்து சொல்றோம்,” என்றாள் திரைக்காரம்மா.

அந்த வீடு கல்லூரியின் பின்பக்கத்துக் கடைத்தெருவில் இருந்தது. வீட்டுக்காரம்மா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். சீருடையைக் கழற்றிவிட்டாளே தவிர வேலையை விடவில்லை. வாசலுக்கே வந்து கையைத் தட்டினாள்.

“ஏறுங்க ஏறுங்க, படியில நிக்காதீங்க. மேல இடம் காலியாத்தான் இருக்கு, உள்ள தள்ளிப் போங்க. சார், அந்தக் கைப்பிடியைப் பிடிங்க.”

பிரேக்குக்கு அவளைப் பார்த்தவுடன் ஆகவில்லை. வாழ்நாளெல்லாம் வண்டியை நிறுத்தியவர் அவர். வாழ்நாளெல்லாம் “ரைட்” சொல்லி வண்டியைக் கிளப்பியவள் அவள்.

“வாசல் கதவு எப்பம்மா பூட்டுவீங்க?”

“பூட்டு இருக்கு சார். சாவியை எங்க வெச்சேன்னுதான் தெரியல.”

மாடியறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கட்டிலின் கால்மாட்டில் தெருவைப் பார்த்த ஜன்னல். பழைய மரக் கதவுகள், ஒரு பலகையில் மரக்கணு விழுந்துபோய் விரல் நுழையாத அளவுக்கு ஒரு ஓட்டை. தலைமாட்டுக்கு அப்பால், ஜன்னலுக்கு நேர் எதிரே வெள்ளையடித்த வெறும் சுவர். ஒரு ஆணிகூட இல்லை.

“இதுவா?” என்றார் பிரேக்.

பெண் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தாள். வானம் மூடிக்கிடந்தது. “கொஞ்ச நேரம் இருங்கப்பா. வெயில் வரட்டும்.”

“சுவருக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?”

“வந்தாத்தான் தெரியும்.”

பிரேக் சுவரருகே போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். “சுவர்தான்,” என்று அறிவித்தார்.

நடந்தது இதுதான். சேர்க்கை நாளன்று அவர் காரை நிறுத்தத் தோதான இடம் தேடிக்கொண்டிருந்தார்; அவர் மனதுக்குப் பிடித்த இடம் கிடைப்பதற்குள் பெண் இந்த வீட்டு வாசலில் வாடகைப் பலகையைப் பார்த்து, மாடியேறி, அறையைப் பார்த்து, திரும்பியும் வந்துவிட்டாள். அன்று வந்தவள் ஆளே மாறிப்போய் வந்தாள். அதை அப்பாவும் கவனித்தார். கல்லூரிச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

“சரி, பார்த்தாச்சு,” என்றார். “நான் போய் வண்டியைத் திருப்பி நிறுத்துறேன். ரெண்டு பேரும் இறங்கி வாங்க. வார்டன்கிட்ட சொல்லிட்டு ஊர்போய்ச் சேரலாம்.”

“அதுக்குள்ள நான் ஜன்னலை அளந்துடுறேன்,” என்று திரைக்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்தாள்.

“இங்க தங்கவே போறதில்லை, எதுக்கு அளவு?”

“அளந்தா என்ன, கை வலிக்குமா?”

அவர் இறங்கிப் போனார். காரைத் திருப்பினார். அதற்குள் மேகம் விலகி, தெருவில் சுள்ளென்று வெயில் அடித்தது. ஒருவன் சரக்கு வேனைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு நின்றிருந்தான். பிரேக்குக்கு அது போதாதா? இறங்கிப்போய், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையின் விரலை ஆட்டி ஆட்டி அவனுக்கு ஒரு பாடம் எடுத்தார். வளைவிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும், ஏன் நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் என்ன ஆகும். நடுவில் மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்று மகளுடையது. இன்னொன்று, அவருக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது, திரைக்காரம்மாவுடையது. அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

மாடிக்கு ஓடினார். அறைக்குள் கும்மிருட்டு.

“கதவைச் சாத்துங்கப்பா, சீக்கிரம்.”

சாத்தினார். திரும்பினார்.

சுவரில் தெரு ஓடிக்கொண்டிருந்தது.

படம் என்று சொல்ல முடியாது. படத்தில் இந்த மாதிரி வெயில் இருக்காது. சுவரின் அடியில், தரையோரமாக, நீல வானம் கிடந்தது. அதிலிருந்து கட்டடங்கள் மேல்நோக்கி முளைக்காமல் மேலிருந்து கீழாக இறங்கின. உத்தரத்தை ஒட்டித் தெரு. அதில் மனிதர்கள் கால் மேலே, தலை கீழே என்று நடந்து போனார்கள், விழாமல், விழுவோம் என்ற பயமே இல்லாமல். ஒரு சிவப்புக் குடை கவிழ்ந்த கிண்ணத்துக்கு நேர்மாறாக மிதந்து போயிற்று. ஒரு மரம், வேர் மேலே இருக்க, இலைகளை வானத்துக்குள் தொங்கவிட்டிருந்தது. காற்றில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக அசைந்தது. வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அதே நொடி சுவரின் இடது ஓரத்திலிருந்து ஒரு பஸ், சக்கரங்கள் உத்தரத்தில் உருள, சத்தமின்றி வழுக்கிக்கொண்டு போய் வலது ஓரத்தில் மறைந்தது. எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டு ஒரு இளைஞன், தலைகீழாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பிரேக் சுவரைத் தொடப் போனார். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் அவர் கைமேல் வந்து நின்றார்கள். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார், சுட்டுவிட்டதைப் போல.

“எங்கேயிருந்து படம் ஓட்டுறாங்க?” குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“யாரும் ஓட்டலப்பா. அந்த ஓட்டை.”

“எந்த ஓட்டை?”

“ஜன்னல்ல இருக்கே, அது. வெளிச்சம் நேர்க்கோட்டுல வருதில்ல, அதனால...”

“நேரா வந்தா எப்படித் தலைகீழா விழும்?”

“மேல இருந்து வர்றது ஓட்டை வழியா நேரா கீழ போயிடுது. கீழ இருந்து வர்றது நேரா மேல போயிடுது. ஸ்கூல்ல படிச்சிருக்கேன். மார்க்கும் வாங்கியிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா இப்படின்னு தெரியாது.”

கண்டக்டரம்மா கதவருகே இருட்டில் நின்றிருந்தாள் என்பது அவள் பேசிய பிறகுதான் தெரிந்தது. “அடைக்கணும் அடைக்கணும்னுதான் நினைச்சேன் சார், நேரம் அமையல. ஜன்னல் கொண்டியும் லூஸு. எல்லாம் சேர்த்து ஆளை விட்டுப் பார்த்துத் தந்துடுறேன்.”

“நான் ஜன்னலை முழுசா அளக்கணும்னு சாத்தினேன்,” என்றாள் திரைக்காரம்மா. “சாத்தினதும் முதல்ல தெரிஞ்சது நீங்கதான். அந்த வேன்காரனைத் திட்டினீங்களே. நல்லாத் திட்டினீங்க. தலைகீழா நின்னுகிட்டு.”

“நான் நிக்கலப்பா,” என்றாள் வக்கீல் மெதுவாக. “நீங்கதான் நின்னீங்க.”

வேறு நாளாக இருந்தால் இதற்குப் பெரிய சண்டை நடந்திருக்கும். பிரேக் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நேராகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. கழுத்தைச் சாய்த்தார், போதவில்லை. குனிந்து கால்களுக்கு இடையில் பார்த்தார், முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் கட்டிலில் மல்லாந்து படுத்து, கால்களை ஜன்னல் பக்கம் நீட்டி, தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் இதை ஒருபோதும் நம்பப்போவதில்லை. இரண்டு பெண்களும் ஒரு கண்டக்டரும் பார்த்துக்கொண்டிருக்க, மனுஷன் தலைகீழாகத் தொங்கினார்.

தெரு நிமிர்ந்தது. வானம் மேலே போயிற்று.

“ஐயோ,” என்றார்.

“என்னங்க?”

“எல்லாருமே ராங் சைடுல வர்றான்.”

உண்மைதான். கண்ணாடியில் பார்ப்பதுபோல வலது இடதாக, இடது வலதாக மாறியிருந்தது. இந்தப் பக்கம் போக வேண்டிய பஸ் அந்தப் பக்கம் போயிற்று. சைக்கிள், லாரி, ஸ்கூட்டர் எல்லாம் சாவகாசமாகத் தவறான பக்கத்தில், ஒன்றையொன்று இடிக்காமல். எத்தனை பேருக்கு எத்தனை வருஷம் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்த விதி. அதை ஒரு தெருவே மதிக்காமல், ஒரு கீறல்கூட விழாமல் நடமாடிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

“தாகமா இருக்கு, எதிர்ப் பெட்டிக்கடையில தண்ணி வாங்கிட்டு வர்றேன்,” என்று பெண் கிளம்பியதை அவர் கவனிக்கவில்லை. கவனித்தது, அவள் சுவரில் தெரிந்தபோதுதான். விரல் உயரத்துக்கு ஒரு பெண். அவள் நடையை உலகத்தின் எந்தக் கோடியில் எந்தச் சுவரில் போட்டாலும் அவருக்குத் தெரியும். சாலையோரம் நின்றாள். காலை எடுத்து வைத்தாள். தவறான பக்கத்திலிருந்து அந்தச் சரக்கு வேன் வந்துகொண்டிருந்தது.

வலது கால் மிதித்தது. எலும்பெல்லாம் சேர்த்து, உயிரையே சேர்த்து மிதித்தது. கால் போய்ப்பட்ட இடம் ஜன்னல் கதவு. கொண்டி தெறித்து, கதவு படாரென்று திறந்து, அறைக்குள் வெளிச்சம் கொட்டியது.

சுவரில் தெரு இல்லை. வெள்ளையடித்த வெறும் சுவர்.

புரண்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். பெண் அதற்குள் சாலையைக் கடந்து கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். வேன் இன்னும் திருப்பத்தைக்கூடத் தாண்டவில்லை. அவள் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

“எங்க போச்சு?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். குழந்தை கேட்பது போலத்தான் இருந்ததாம்.

“நீங்கதானே மிதிச்சீங்க,” என்றாள் திரைக்காரம்மா.

“சாத்து. சீக்கிரம் சாத்தும்மா.”

சாத்தினாள். கொண்டி போய்விட்டதால் கதவைக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு மெல்ல மெல்ல ஊறி வந்தது. முதலில் வானம், பிறகு கட்டடங்கள், பிறகு மனிதர்கள். பிரேக் இந்த முறை கட்டிலுக்குப் போகவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது காலைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். தெரு தலைகீழாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கையில் தண்ணீர் பாட்டிலோடு பெண் திரும்பி வந்தாள். ஓரத்தில் நின்றாள். லாரி ஒன்று வந்தது. தொடைக்கு அடியில் கால் துடித்தது. அவர் அதன்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். லாரி போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள், மறுபடியும் முதல் பக்கம் பார்த்தாள். அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் இதுவரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்கவைத்திருக்கிறார். அவர் இல்லாத சாலையில் அவள் எப்படிக் கடப்பாள் என்று பார்க்க அவருக்கு வழியே இருந்ததில்லை. வானத்துக்கு மேலே, தலைகீழாக, நிதானமாக, ஒரு சின்னப் பெண் சாலையைக் கடந்து வந்தாள். கடைசி அடியில் ஒரு குட்டித் துள்ளல். அதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டபோது பிரேக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருட்டு என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

“அந்த ஓட்டையை நாளைக்கே அடைச்சுடுறேன் சார்,” என்றாள் கண்டக்டரம்மா. “பொம்பளைப் புள்ளை தங்குற ரூம்.”

“அதுல கையை வெச்சீங்கன்னா பாருங்க,” என்றார் பிரேக். “கொண்டியை மட்டும் மாத்துங்க. இறுக்கமா.”

கண்டக்டரம்மா சுவரைத் தட்டி, “ரைட்,” என்றாள்.

வார்டனிடம் அவர்தான் போனார், தனியாக. பெஞ்சில் இருந்த பெண்மணி எழுந்து நின்றாள். அடுத்த பெண்ணைக் கூப்பிடலாம் என்று அவர் சொன்னதும் வார்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

“காலையில கேட்டைப் பத்தி அவ்வளவு விசாரிச்சீங்களே சார். அங்க அப்படி என்ன இருக்கு?”

பிரேக் தொண்டையைச் செருமினார். எப்படி யோசித்தும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

“ஒரு சுவர் இருக்குங்க,” என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் அவர் செய்த முதல் காரியம், வீட்டு முன்னறை ஜன்னலில் ஓட்டை போட்டது. மரக்கதவு இல்லாத ஜன்னல் என்பதால் திரைக்காரம்மா வெளிச்சம் புகாத கெட்டித் துணியில் திரை தைத்து, நடுவில் ஒரு பொத்தான் ஓட்டை வைத்துக் கொடுத்தாள். தெருவே கூடிச் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தோம். இருட்டில், யார் கண்ணிலும் படாமல், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, யார் வீட்டுக்கு யார் வருகிறார், யார் கையில் என்ன பை, யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று முழுத் தெருவையும் பார்க்கக் கிடைத்தால் யார்தான் எழுந்து போவார்கள்? காயப்போட்ட துணியை மறுபடி காயப்போடும் வழக்கம் அதோடு ஒழிந்தது. முதல் முறை எங்கள் தெருவை அந்தச் சுவரில் பார்த்தபோது மட்டும் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. இத்தனை காலம் இதிலேயா இருந்தோம், இவ்வளவு அழகாகவா என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து பேச ஆரம்பித்தோம்.

படிப்பு முடிந்ததும் வக்கீல் ஒரு செய்தியோடு வந்தாள். எதிர்க் கடை ஜெராக்ஸ்காரன். அறைக்கு வந்த நாளிலிருந்து சுவரில் அவன் தேநீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். நேரில் தலை நிமிர்ந்தவனாகப் பார்த்தபோது, ஏற்கெனவே தெரிந்தவனைப் போல இருந்ததாம்.

“நீ தலைகீழா நின்னாலும்...” என்று பிரேக் ஆரம்பித்தார்.

வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், தெருவில், நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். தையல் இயந்திரம் நின்றது. வாக்கியம் அங்கேயே நின்றுபோயிற்று. அந்த வீட்டில் அதற்கு மதிப்புப் போய் வெகு நாளாகியிருந்தது.

கல்யாணம் நடந்தது. ஹாஸ்டலில் அந்தக் கட்டில் கிடைத்த பெண்ணும் வந்திருந்தாள். மூன்றாண்டும் பொழுதுசாய்ந்து கேட் பூட்டும்வரை இவள் அறையிலேதான் கிடந்தாளாம். அவள் பிறகு அதே கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். கண்டக்டரம்மா வீட்டை ஒரு தம்பதிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு தங்கையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஓட்டையை அடைக்கக்கூடாது என்பது நிபந்தனை. வக்கீலும் ஜெராக்ஸ்காரனும் கடல் தாண்டி வேலைக்குப் போனார்கள். அவர்கள் கிளம்பிய அன்று காலை வாசலில் எல்லாரும் நின்று கையசைத்தோம், பிரேக்கைத் தவிர. அவர் முன்னறையில், இருட்டில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உத்தரத்தை ஒட்டி ஒரு கார் வந்து நின்றது. விரல் உயரத்துக்கு ஒரு பெண் அதில் ஏறினாள். கார் சுவரின் ஓரம்வரை போய், மறைந்தது.

கால் அசையவே இல்லை என்கிறாள், வாசலுக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்றிருந்த திரைக்காரம்மா. பக்கத்து வீட்டுக்காரி, லேசாக அசைந்தது, நானே பார்த்தேன் என்கிறாள். இருட்டில் எப்படிப் பார்த்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. தெரு இதில் இன்னும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறது.